முதல் பிரசவம்: டாக்டர் பேச்சா, மாமியார் பேச்சா, ஆராய்ச்சியா?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவருக்கு வீடு கோலாலம்பூர் செந்தூலில், முதல் பிள்ளை, 36 வாரம் முடிந்திருக்கிறது. “தேதி தாண்டி ஒரு வாரம் பார்ப்போம், வலி வராவிட்டால் தூண்டிவிடுவோம்” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இணையத்தில் தேடினால், தூண்டினால் கடைசியில் சிசேரியன் ஆப்பரேஷன்தான் என்கிறார்கள். பிள்ளை வரும் வழி விரிய அடியில் வெட்டுவதைப் பற்றி மாமியார், “கிழிவதைவிட வெட்டுவது நல்லது, எங்களுக்கெல்லாம் வெட்டித்தான் எடுத்தார்கள்” என்கிறார். பிள்ளை பிறந்த பிறகு தாய் குடிக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதும் அவர் பேச்சுதான். டாக்டரைக் கேட்டால், “ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எந்த ஆராய்ச்சி, யாரை வைத்துச் செய்தது, எனக்கு அது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் 1984-ல் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தவள். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் கோலாலம்பூர் வட்டாரத்தில் பிரசவ அறையில்தான் வேலை. “மிஸ்ஸி, மிஸ்ஸி” என்று கூப்பிடும் குரல் இன்னும் தூக்கத்தில் கேட்கும், தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தக் கேள்வியை அப்போது யாராவது என்னிடம் கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதனால் என்னுடைய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பிரசவ அறைத் தட்டில் ஒரு கத்தரி இருக்கும். நுனி மழுங்கியது, நடுவில் லேசாக வளைந்தது. முதல் பிரசவம் என்றால் கேள்வியே கிடையாது. தலை தெரிந்ததும் மரப்பு ஊசி, அடுத்த வலியில் வெட்டு. ஊசி பிடிக்கக் காத்திராமல் வெட்டிய நாட்களும் உண்டு. கெட்டித் துணியை வெட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நேராக வெட்டினால் ஒழுங்காகத் தைக்கலாம், தானாகக் கிழிந்தால் பின்வாசல் வரை போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன், எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், அன்று எங்கேயும் இதுதான் நடந்தது.

நான் பயிற்சிக்குச் சேர்ந்த அதே 1984-ல் இங்கிலாந்தில் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற ஒரு மிட்வைஃப் 1,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்டு, மற்றதில் கிழியும் போலத் தெரிந்தாலே வெட்டு. முதல் குழுவில் நூற்றுக்கு 10 பேருக்குத்தான் வெட்டினார்கள், இரண்டாவதில் 51 பேருக்கு. குறைவாக வெட்டிய குழுவில் ஒரு கெடுதலும் கூடவில்லை. 1993-ல் அர்ஜென்டினாவில் 2,606 பெண்களை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தார்கள். எல்லோருக்கும் வெட்டும் குழுவில் 83 சதவீதம் பேருக்கு வெட்டு, தேவைப்பட்டால் மட்டும் வெட்டும் குழுவில் 30 சதவீதம். எந்தப் பெரிய கிழிசலைத் தடுக்க வெட்டுகிறோம் என்று சொன்னோமோ, அது முதல் குழுவில் நூற்றுக்கு 1.5, இரண்டாவதில் 1.2. வெட்டு ஒன்றையும் தடுக்கவில்லை. வேண்டாத தையலையும் வலியையும்தான் கொடுத்தது.

இந்தச் செய்தி நான் நின்ற கட்டில் பக்கத்துக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. “நம்ம ஆட்களுக்குத் தசை இறுக்கம், வெள்ளைக்காரிக்குச் செய்த ஆராய்ச்சி நமக்கு ஒத்துவராது” என்று ஒரு சமாதானம் ரொம்ப நாள் ஓடியது. அதற்கு ஆதாரம் கேட்டால் யாரும் எனக்குக் காட்டியதில்லை. இன்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் கொடுத்த வழிகாட்டியே எல்லோருக்கும் வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நேரம், பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கி அவசரமாக எடுக்க வேண்டிய நேரம், இப்படிச் சிலவற்றில் வெட்டு வேண்டியிருக்கும். அதை மறுக்க வேண்டாம். மாமியாரிடமும் சண்டை வேண்டாம். அவருக்கு நடந்ததை அவர் சொல்கிறார், அவ்வளவுதான்.

கிழிசலைக் குறைக்க ஆராய்ச்சி கைகாட்டும் ஒன்று நம் பாட்டிமாருக்கே பிடிக்கும். தலை இறங்கும் நேரத்தில் அடியில் வெந்நீர் ஒத்தடம். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வைப்பது. ஆழமான கிழிசல்கள் இதனால் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

வெட்டு மட்டுமா? வந்தவுடனே பிளேடால் மழிப்போம். எனிமா கொடுப்போம். மல்லாக்கப் படுக்க வைப்போம். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டோம். மழிப்பதால் ஒரு நன்மையும் இல்லை என்று அமெரிக்காவில் 1922-லேயே ஆய்வு வந்துவிட்டது. நான் பிளேடு பிடித்தபோது அந்தத் தாளுக்கு அறுபது வயது தாண்டியிருந்தது!

ஆர்ச்சி காக்ரேன் என்று ஒரு பிரிட்டிஷ் டாக்டர். எந்த மருத்துவத் துறை ஆராய்ச்சி ஆதாரத்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறது என்று 1979-ல் யோசித்து, பிரசவ மருத்துவத்துக்கு “மரக்கரண்டி” கொடுத்தார். கடைசி இடத்தில் வருகிறவருக்கு அவர்கள் ஊரில் கிண்டலாகக் கொடுக்கும் பரிசு அது. அதில் சூடுபட்டுச் சிலர் உட்கார்ந்து, பிரசவம் பற்றி உலகத்தில் நடந்த சோதனைகளையெல்லாம் தேடிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த வேலையைப் பார்த்த பிறகு காக்ரேனே அந்தக் கிண்டலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த முயற்சியில் முன்னே நின்ற இயன் சால்மர்ஸ் 1993-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்து வைத்ததுதான் காக்ரேன் அமைப்பு. இன்று எல்லா நோய்களுக்கும் ஆய்வுகளைத் தொகுக்கிறார்கள், ஆனால் வேர் பிரசவ அறையில்தான் இருக்கிறது.

அவர்களுடைய சின்னத்தில் ஒரு வட்டத்துக்குள் சில படுக்கைக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஓர் ஆய்வு. குறைமாதப் பிரசவம் நடக்கும் போலிருந்தால் தாய்க்கு ஒரு ஊசி போடுகிறோமே, பிள்ளையின் நுரையீரல் பழுக்க, இங்கே வார்டில் “டெக்ஸா” என்போமே, அந்த வகை மருந்தைப் பற்றிய ஆய்வுகள் அவை. முதல் ஆய்வு 1972-ல் நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் செய்தது. அதற்கு முன் லிக்கின்ஸ் ஆட்டுக்குட்டிகளிடம் பார்த்திருந்தார்: பிழைக்க முடியாத அளவு முன்னதாகப் பிறந்த குட்டி, மருந்து பெற்றதால் மூச்சு விட்டது. ஊசி விலை மலிவு, பலனும் தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லோருக்கும் கொடுங்கள் என்று அமெரிக்க நிபுணர் குழு சொன்னது 1994-ல்தான். 22 வருடம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் மூச்சுத் திணறிப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கரு கலையாமல் இருக்க டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு ஹார்மோன் மாத்திரை கொடுத்து வந்தார்கள். 1953-ல் சிகாகோவில் முறையாகச் சோதித்தபோது ஒரு பலனும் இல்லை என்று தெரிந்தது. நல்லெண்ணத்தில் அப்புறமும் பதினெட்டு வருடம் எழுதிக் கொடுத்தார்கள். 1971-ல்தான், அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் பெண் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே ஓர் அபூர்வப் புற்றுநோய் வருவது தெரிய வந்தது. ஆராய்ச்சி என்றாலே “இயற்கையாக விடு, கை வைக்காதே” என்று அர்த்தம் இல்லை. “எப்போதும் எதையாவது செய்” என்றும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். தூண்டினால் ஆப்பரேஷனில் முடியுமா?

இணையத்தில் சொல்வது முழுப் பொய் இல்லை. தூண்டப்பட்டவர்களையும் அதே வாரத்தில் தானாக வலி வந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தூண்டப்பட்டவர்களுக்கு ஆப்பரேஷன் கூடத்தான். ஆனால் தேதி தாண்டி உட்கார்ந்திருக்கும்போது “இன்றைக்குத் தானாக வலி வரட்டும்” என்று தேர்ந்தெடுக்க உங்களால் முடியாது. உங்கள் கையில் இருப்பது இரண்டே வழி. தூண்டுவது, அல்லது இன்னும் காத்திருப்பது. காத்திருப்பவர்களில் சிலருக்கு நாளைக்கே வலி வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிலருக்குப் பனிக்குடத் தண்ணீர் குறையும், சிலரை அடுத்த வாரம் எப்படியும் தூண்டத்தான் வேண்டியிருக்கும். ஆகவே ஒப்பிட வேண்டியது தூண்டியவர்களையும் காத்திருந்தவர்களையும்.

அப்படி ஒப்பிட்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2018-ல் வந்தது. முதல் பிள்ளை, வேறு சிக்கல் இல்லை, அப்படிப்பட்ட 6,106 பெண்கள். பாதிப் பேரை 39 வாரத்தில் தூண்டினார்கள், மற்றவர்களைக் காத்திருக்க விட்டார்கள். தூண்டிய குழுவில் ஆப்பரேஷன் 18.6 சதவீதம், காத்திருந்த குழுவில் 22.2. கூடவில்லை, குறைந்திருக்கிறது! அதற்காக எல்லோரையும் 39-ல் தூண்டு என்று நான் சொல்லவரவில்லை. 28 பேரைத் தூண்டினால் ஓர் ஆப்பரேஷன் குறையும் என்பதுதான் அந்தக் கணக்கு. அதற்காக மீதி 27 பேர் பிரசவக் கட்டிலில் சில மணி நேரம் கூடுதலாகக் கிடக்க வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். அதோடு அந்த ஆஸ்பத்திரிகளில் தூண்டிய பிறகு பொறுமையாகக் காத்திருந்தார்கள். பொறுமையில்லாத இடத்தில் அதே எண் வராது.

41 தாண்டினால் கதை கொஞ்சம் மாறுகிறது. சுவீடனில் 41 வாரத்தில் தூண்டுவதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள். 2,760 பெண்கள் சேர்ந்திருந்த நிலையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். காத்திருந்த குழுவில் ஆறு பிள்ளைகள் இறந்திருந்தன, தூண்டிய குழுவில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் காக்ரேன் 2020-ல் ஒரு கணக்குச் சொன்னது: 37 வாரத்துக்கு மேல் சுமார் 544 பேரைத் தூண்டினால் ஒரு பிள்ளையின் உயிர் காப்பாற்றப்படுகிறது. இந்த எண்ணை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் முடிவு எடுப்பது சுலபம். “பிள்ளைக்கு ஆபத்து” என்று மட்டும் சொன்னால் பயம்தான் வரும். 544-ல் ஒன்று என்றால், சிலர் “சரி, தூண்டுங்கள்” என்பார்கள், சிலர் “தினமும் வந்து பார்த்துக்கொள்கிறேன், மூன்று நாள் கொடுங்கள்” என்பார்கள். இரண்டும் புத்தியுள்ள பதில்தான். என்னைக் கேட்டால், தேதி தாண்டி ஒரு வாரத்தில் உங்கள் டாக்டர் சொல்வது நியாயம். நான் என் மகளுக்கும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: அந்த “தேதி” முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் கணித்ததா? கடைசி மாதவிடாயை வைத்துத் தோராயமாகக் குறித்தது என்றால் ஒரு வாரம் முன்னே பின்னே இருக்கலாம்.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் இந்தியப் பெண்களுக்கு இது கூடுதல், கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்திருப்பார்களே, அந்தச் சோதனை. அதில் ஏறியிருந்தால் மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு உங்களுக்குப் பொருந்தாது. அதில் அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. லேசான சர்க்கரையைக்கூடக் கவனித்துச் சிகிச்சை கொடுத்தால் பிள்ளைக்கு வரும் பெரிய சிக்கல்கள் குறைகின்றன என்று 2005-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே “சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம், டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள்” என்று சொல்லும் சொந்தக்காரர்களை மரியாதையாகக் கடந்து போங்கள்.

சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம கோலாலம்பூரிலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. வெட்கப்படாமல் கேளுங்கள். கடைசி வாரங்களில் கணவன் மனைவி சேர்ந்தால் வலி வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. விந்தில் இருக்கும் புரோஸ்டாகிளாண்டின், வலி வரவழைக்க நாம் வைக்கும் மருந்தின் ஜாதிதான், ஆகவே டாக்டர்களும் தலையாட்டுவார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டான் பெங் சியோங்கும் மற்றவர்களும் முதலில் 200 பெண்களிடம் நாட்குறிப்பு கொடுத்து எழுதச் சொன்னார்கள். 2006-ல் முடிவு: சேர்ந்தவர்களுக்குச் சீக்கிரம் பிரசவம் ஆகியிருந்தது, தூண்ட வேண்டிய தேவையும் குறைந்திருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நாங்கள் எல்லோருக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்போம். அவர்கள் விடவில்லை. 2007-ல் 210 பெண்களைக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் “சேர்ந்தால் உதவலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். வித்தியாசம் இல்லை. 2013-ல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் இல்லை. முதல் ஆய்வில் என்ன நடந்திருக்கும்? உடம்பு இலகுவாக, மனசு தெம்பாக இருந்தவர்கள் சேர்ந்திருப்பார்கள், அவர்களுக்கு எப்படியும் சீக்கிரம் ஆகியிருக்கும். கோழி கூவியதால் விடிந்தது என்று நினைத்த மாதிரி.

குர்மா என்கிற பேரீச்சம்பழமும் அப்படித்தான் சோதிக்கப்பட்டது. மலாய்த் தோழிகள் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், 37 வாரத்திலிருந்து தினமும் ஏழு பேரீச்சம்பழம் என்று. 2017-ல் வந்த மலேசிய ஆய்வு ஒன்றில் முதல் பிள்ளைக்காரிகள் 154 பேர். பழம் சாப்பிட்டதால் வலி முன்கூட்டி வந்துவிடவில்லை. ஆனால் வலி வந்த பிறகு அதைக் கூட்ட டிரிப் போட வேண்டிய தேவை குறைந்திருந்தது. ஆய்வு சின்னதுதான், பழம் ருசியானது, சர்க்கரை இல்லாவிட்டால் சாப்பிடுங்கள். சர்க்கரை இருந்தால் வேண்டாம்மா.

பிரசவ அறைக்குள் போன பிறகு? கருப்பையின் கழுத்து எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்று சொல்லிச் சொல்லி உங்களைப் பயமுறுத்துவார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவுகோல், ஃப்ரீட்மன் என்ற அமெரிக்க டாக்டர் 1955-ல் 500 பெண்களைப் பார்த்துப் போட்ட வளைகோட்டிலிருந்து வந்தது. 2010-ல் 62,000-க்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, பலருக்கு ஆறு சென்டிமீட்டர் வரை மெதுவாகவே போகிறது, அது நோய் இல்லை என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2018-லிருந்து உண்மையான பிரசவ வேகம் ஐந்து சென்டிமீட்டரில் ஆரம்பிக்கிறது என்று வைத்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால் மூன்று சென்டிமீட்டரில் மூன்று மணி நேரம் நின்றதற்காகக் கலங்க வேண்டாம். ரொம்பச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து சேர்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், பிள்ளையின் அசைவு குறைந்தால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள், நெடுஞ்சாலையில் நெரிசல் என்று யோசிக்காதீர்கள்.

நடங்கள், உட்காருங்கள், கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆடுங்கள். படுத்தே கிடப்பவர்களைவிட நிமிர்ந்திருப்பவர்களுக்கு முதல் கட்டம் சராசரியாக ஒரு மணி 22 நிமிடம் குறைகிறது. தண்ணீர் குடியுங்கள். சிக்கல் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர் தடுப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகளைத் தொகுத்தபோது தெரிந்தது. அந்தத் தடை 1940-களில், முகமூடியில் மயக்க மருந்து கொடுத்த காலத்துப் பயம். மிஸ்ஸியிடம் “போலே மினும் ஆயிர்?”, தண்ணீர் குடிக்கலாமா என்று மலாயில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். வயிற்றில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பு எழுதும் மெஷினை எல்லோருக்கும் விடாமல் போட்டு வைப்பதில் நான் அவ்வளவாக உடன்படவில்லை. டப்ளினில் 1985-ல் கிட்டத்தட்ட 13,000 பெண்களை வைத்துச் செய்த சோதனையில் மெஷினால் பிள்ளைகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் இறப்பு குறையவில்லை. பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆப்பரேஷன்தான் கூடியிருக்கிறது. தூண்டியிருந்தால், டிரிப் ஓடினால், சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் மெஷின் வேண்டும். அப்போது கழற்றச் சொல்லாதீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆதாரம் ஒன்று இருக்கிறது. மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை. பிரசவம் முடியும் வரை ஒருவர் விடாமல் பக்கத்தில் இருப்பது. 26 ஆய்வுகள், 17 நாடுகள், 15,000-க்கு மேற்பட்ட பெண்கள், 2017-ல் தொகுத்தது. அப்படித் துணை இருந்தவர்களுக்கு ஆப்பரேஷன் ஆகும் வாய்ப்பு சுமார் கால்பங்கு குறைந்தது, பிரசவ நேரமும் சுருங்கியது. இப்படி ஒரு மாத்திரை இருந்திருந்தால் விளம்பரம் போட்டே பணக்காரர்கள் ஆகியிருப்பார்கள். தோட்டத்துக் காலத்தில் லயத்து வீட்டில் பிள்ளை பெறும்போது ஒரு பெரிய மனுஷி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அவரை வாசலில் நிறுத்திவிட்டோம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை, அப்படி வாசலில் நின்ற ஓர் அம்மா கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தபடி இரவெல்லாம் நின்றார். காலையில் கை அச்சு அப்படியே இருந்தது. இப்போது பல இடங்களில் கணவரை உள்ளே விடுகிறார்கள். உங்கள் இடத்தில் யாரை விடுவார்கள், எந்தக் கட்டத்தில் விடுவார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். கணவர் ரத்தம் பார்த்தால் மயங்குகிற ஆள் என்றால் அக்காவோ அத்தையோ வரலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

பிள்ளை வந்தவுடன் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். இதை மறுக்கவே கூடாது. கருப்பை சுருங்கி ரத்தப்போக்கைக் குறைப்பது அதுதான். ரத்தப்போக்கு எப்படி ஏமாற்றும் தெரியுமா? துணியிலும் கட்டிலிலும் ஊறியதைக் கண்ணால் பார்த்து “முந்நூறு மில்லி” என்று எழுதுவோம். உண்மையில் அறுநூறு போயிருக்கும். ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் ஓர் ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டார்கள். தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் பையை விரித்து, கோடு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று ஆப்பரேஷன், மரணம் இவற்றைச் சேர்த்த எண்ணிக்கை 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை. கண் அளவை நம்பாமல் அளந்து பார்த்தார்கள், தாமதிக்கவில்லை. இதைப் படித்த அன்று நான் எழுதிய “முந்நூறு”கள் எத்தனை என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்புள் கொடியை உடனே நறுக்காமல் ஒரு நிமிடமாவது விடச் சொல்லுங்கள். பிள்ளைக்கு இரும்புச் சத்து கூடுகிறது. விளக்கொளி வைக்கும் அளவுக்கு மஞ்சள் காமாலை வருவது கொஞ்சம் கூடலாம், ஆனால் நம் நாட்டில் முதல் பத்து நாளில் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பதால் அது கண்ணில் பட்டுவிடும். இதோடு ஒன்று, பிள்ளையின் துணிப் பெட்டியில் பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த வாடையே ரத்தத்தை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

வீட்டிலேயே, தாதி இல்லாமல், பெற்றுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு இங்கிலாந்து ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். 2011-ல் 64,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வில் வீட்டுக்கு வந்தது பயிற்சி பெற்ற மிட்வைஃப், பின்னால் ஆம்புலன்ஸ். அப்படி இருந்தும் முதல் பிள்ளைக்காரிகளில் நூற்றுக்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு வந்த சிக்கலும் கூடுதல். அந்தத் தாளைக் காட்டி, யாரும் இல்லாமல் பெறுவதற்கு நியாயம் சொல்ல முடியாது. நம் நாட்டில் 1950 வாக்கில் லட்சம் பிரசவத்துக்கு 500-க்கு மேல் தாய்மார்கள் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்குக் கீழே வந்தது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று டாக்டர் இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் 2003-ல் உலக வங்கிக்காக எழுதியிருக்கிறார்கள். ஊர் ஊராக மிட்வைஃப்களை அனுப்பினார்கள், கிராமத்து மருத்துவச்சிகளை விரட்டாமல் கூட வைத்துக்கொண்டார்கள். 1991-லிருந்து ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் விசாரித்து, எங்கே சறுக்கியது என்று பார்க்கிறார்கள். கிளினிக்கில் கொடுத்த உங்கள் பிங்க் பதிவுப் புத்தகத்தில் ஒட்டியிருக்கும் அந்த வண்ண ஸ்டிக்கரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். யாரை எவ்வளவு சீக்கிரம் பெரிய டாக்டர் பார்க்க வேண்டும் என்று பிரிப்பது அதுதான்.

அதே விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்களில் ஒன்று, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய் அடைப்பது. இதனால்தான் தண்ணீரைக் குறைக்கும் பத்தியத்தில் எனக்குக் கோபம். பச்சை உடம்பு என்று அசையாமல் படுக்க வைத்து, நாளுக்கு இரண்டு கிளாஸ் தண்ணீர் கொடுத்தால் உறைவதற்கு நாமே வழி செய்கிறோம். பாலுக்கும் தண்ணீர் வேண்டும். மாமியாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக் கீரை, காயம், வயிறு கட்டுவது, தலைக்கு ஊற்றுவது, எல்லாம் உங்கள் இஷ்டப்படி அத்தை, தண்ணீரும் நடையும் மட்டும் மிஸ்ஸி சொன்னபடி. நான் வீடுகளுக்குப் போனபோது இந்தப் பேரம் பெரும்பாலும் பலித்தது. வெந்நீர் என்றால் அவர்களுக்கு ஆட்சேபனை இருக்காது, சீரகம் போட்டுக் கொடுத்தால் இன்னும் சந்தோஷம். சாம்பிராணிப் புகையை மட்டும் பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த செக்அப்பில் டாக்டர் “ஆராய்ச்சி” என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எதோடு ஒப்பிட்டுப் பார்த்தது டாக்டர்? நூற்றுக்கு எத்தனை பேர்? அதில் என்னை மாதிரி ஆட்கள் இருந்தார்களா? நல்ல டாக்டர் இதற்குக் கோபப்படமாட்டார். வரிசையில் வெளியே நாற்பது பேர் இருந்தால் ஒருவேளை பெருமூச்சு விடுவார், பரவாயில்லை, கேளுங்கள். பதிலைப் பிங்க் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். வெட்டு, கொடி, துணை, தண்ணீர் பற்றிய உங்கள் விருப்பங்களை நான்கு வரியில், மலாயில், ஒரே தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகுங்கள். இரண்டு பக்கம் எழுதினால் இரவு ஷிப்டில் யாரும் படிக்கமாட்டார்கள், நானும் படித்ததில்லை.

பை கட்டும்போது எல்லோரும் பிள்ளைத் துணியை அடுக்குவார்கள், ஒன்றை மறப்பார்கள். வளையும் ஸ்ட்ரா உள்ள தண்ணீர் போத்தல் ஒன்று வையுங்கள். வலியில் தலையைத் தூக்கிக் கிளாஸில் குடிக்க முடியாது.